720 வாடகையும் ஒரு சீலிங் கறையும்

கேள்வி: எனக்கு வயது 41, மாதச் சம்பள வேலை. நாற்பது வருடப் பழைய மாடிவீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கீழே இரண்டு போர்ஷன், மேலே ஒன்று. கீழ் போர்ஷன் ஒன்றில் பதினோரு வருடமாக ஒரு வயதான தம்பதி இருக்கிறார்கள். அக்கம்பக்கத்து வாடகையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தருகிறார்கள். மற்ற இரண்டும் காலி. வட்டி விகிதம் மாறக்கூடிய 20 வருடக் கடன் எடுத்தால், மூன்று வாடகையும் சேர்ந்து வருவதில் நூற்றுக்கு 85 தவணைக்குப் போகும். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிட்டு, புதிதாக வருபவர்கள் தரும் அட்வான்ஸை வைத்து டைல்ஸும் சமையலறையும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். மாடிக் குளியலறைக்குக் கீழே, காலி போர்ஷனின் சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. 'பெயின்ட் அடித்தால் போய்விடும்' என்கிறார் கான்ட்ராக்டர். பழைய குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொன்னால் வாடகை கூடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். நிர்வாகத்தைத் தம்பி பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். வாங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த கணக்குத் தாளை இரண்டு முறை பார்த்தேன். கூட்டலில் ஒரு பிழை இல்லை. ஆனால் அந்தத் தாளில் மூன்று போர்ஷனும் இருபது வருடமும் ஒரு நாள்கூடக் காலியாக இல்லை. மூன்று போர்ஷன், 240 மாதம், ஆக 720 வாடகை, அத்தனையும் முதல் தேதியே கைக்கு வந்துவிடுகிறது. வாடகைக் கட்டடங்களைப் பராமரித்துக் கொடுப்பதுதான் இருபத்தாறு வருடமாக என் தொழில். அப்படி ஒரு கட்டடத்தை இன்னும் நான் பார்த்ததில்லை.

ஒருவர் காலி செய்வார். சுண்ணாம்போ பெயின்டோ அடிக்க ஒரு வாரம் போகும். பார்க்க வருபவர்கள் 'சொல்லி அனுப்புகிறோம்' என்று போவார்கள். இப்படி ஒரு மாதம் போனால் அந்தப் போர்ஷனின் வருட வரவில் நூற்றுக்கு எட்டுக்கும் மேல் போய்விட்டது. உங்கள் கடிதத்தில் கடன், ரிப்பேர், குடித்தனக்காரர், தம்பி என்று நான்கு கேள்விகள் இருக்கின்றன. நான்கையும் அந்தக் காலி மாதத்தை வைத்தே பார்க்கப் போகிறேன்.

முதலில் கடன். மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து வாடகை 100 என்று வையுங்கள். காலி மாதத்துக்கு 8 கழியுங்கள். நாற்பது வருடக் கட்டடம் என்பதால் பராமரிப்புக்கு 10. சொத்து வரிக்கும் காப்பீட்டுக்கும் 7. பொது விளக்கு, தொட்டி கழுவுவது, மோட்டார், ஆள் கூலி என்று 5. மிச்சம் 70. இது என் தோராயம்தான். உங்கள் கட்டடத்தின் வரி ரசீதையும் பழைய ரிப்பேர் பில்களையும் வாங்கிப் பார்த்தால் இரண்டு மூன்று இப்படி அப்படி மாறலாம். வாடகைக் கட்டடத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் பலரும் இந்த மிச்சம் தவணையைப்போல ஒன்றேகால் மடங்காவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 70-ஐ ஒன்றேகாலால் வகுத்தால் 56. நீங்கள் போட்டிருப்பது 85. மிச்சம் 70 போக, குறையும் 15 ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். சம்பளத்திலிருந்து போடுவது தவறே இல்லை, சொத்து சேர்க்க எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது தெரிந்து போடும் பணமாக இருக்க வேண்டும். உங்கள் தாளில் அந்த வரியே இல்லை.

வட்டி விகிதம் மாறக்கூடிய கடன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் கையெழுத்துப் போடும்முன் ஒரு கேள்வி கேளுங்கள்: வட்டி ஏறினால் தவணையைக் கூட்டுவீர்களா, காலத்தை நீட்டுவீர்களா? பலருக்கும் இரண்டாவது பழக்கம் இருப்பது தெரியாது. 1,00,000 கடன், 9 சதவீத வட்டி, 240 மாதம் என்றால் தவணை சுமார் 900 வரும். முதல் தவணையில் 750 வட்டி, அசலில் குறைவது 150தான். அசல் பாதியாகக் குறைவதற்கே கிட்டத்தட்ட 14 வருடம் ஆகும். தொடக்கத்திலேயே வட்டி 10 சதவீதமாகி, தவணையை அதே 900-ல் வைத்தால் 240 மாதம் 314 மாதமாக நீளும். பத்தரை ஆனால் 412 மாதம், அதாவது 34 வருடத்துக்கு மேல். உங்களுக்கு இப்போது 41. 75 வயதிலும் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். மாதம் கட்டும் தொகை மாறாததால் 'வட்டி ஏறியது ஒன்றும் தெரியவில்லை' என்று பலரும் சொல்வார்கள். வட்டி ஏறினால் தவணையைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பத்தரை சதவீதத்தில் தவணை 900 சுமார் 998 ஆகும். அந்தத் தொகையையும் கட்ட முடியுமா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டும் யோசனையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு மாதத் தவணை தனியாக ஒரு கணக்கில் கிடக்க வேண்டும். ரிப்பேருக்கு மேஸ்திரி சொல்லும் எஸ்டிமேட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பழைய சுவரை உடைத்துப் பார்க்காமல் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் ஒதுக்கினால் முன்பணம் போதவில்லையா? அப்படியென்றால் இந்த விலைக்கு இந்தக் கட்டடம் உங்களுக்குப் பெரிது. ரிப்பேரை கிரெடிட் கார்டிலோ இரண்டு வருடத் தனிநபர் கடனிலோ தள்ளிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பதினைந்து வருடம் உழைக்கப்போகும் குழாய்க்கும் தளத்துக்கும் இரண்டே வருடத்தில் பணம் கட்டப் பார்த்தால் மூச்சு முட்டும்.

அட்வான்ஸில் டைல்ஸ் போடுவதா? அது உங்கள் பணமே இல்லை. ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், வட்டி மட்டும்தான் கிடையாது. புதிதாக வந்தவர் ஐந்தாவது மாதமே வேலை மாறிக் கிளம்பினால் என்ன செய்வீர்கள்? சுவரில் ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்தா கொடுப்பீர்கள்? அடுத்து வருபவர் தரும் அட்வான்ஸை வாங்கி இவரிடம் கொடுப்பதற்குள் நடுவில் காலி மாதம் வந்து நிற்கும். அட்வான்ஸுக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள், அதைத் தொடாதீர்கள். சில இடங்களில் சட்டமே அப்படித்தான் கேட்கிறது.

இனி அந்தக் கறை. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோனீர்கள். எனக்கு உங்கள் கடிதமே அந்த ஒரு வரிதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் இதேபோல ஒரு கறைமேல் நானும் பெயின்ட் அடித்துக் குடிவைத்தேன். மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி, கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி, சீலிங் பூச்சு ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. மறு வாரமே அவர்கள் போய்விட்டார்கள். விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டதால் அந்தப் போர்ஷன் நான்கு மாதம் பூட்டியே கிடந்தது. அன்றிலிருந்து யார் சீலிங்கைக் காட்டினாலும் முதலில் பென்சிலைத்தான் எடுக்கிறேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, கறையின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுத்துத் தேதி போடுங்கள். பத்து நாள் கழித்துப் பாருங்கள். கறை கோட்டைத் தாண்டியிருந்தால் கசிவு இன்றும் நடக்கிறது. தாண்டாவிட்டால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். மாடி காலியாக இருக்கிறது, அங்கே இப்போது யாரும் குளிப்பதில்லை. அதனால் நாமே தண்ணீர் விட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று.

முதல் நாள், மாடிக்குப் போகும் குழாயில் தண்ணீர் திறந்துவிட்டு எல்லாக் குழாய்களையும் இறுக மூடுங்கள். அந்தக் குழாய்க்கென்று தனி மீட்டர் இருந்தால் ராத்திரி எண்ணைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் சுவருக்குள் ஓடும் அழுத்தக் குழாயில்தான் ஓட்டை. இது குளித்தாலும் குளிக்காவிட்டாலும் இருபத்துநான்கு மணி நேரமும் கசியும். நொடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்குக் கால் மில்லி என்று வைத்தால்கூட நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் சீலிங்குக்குள் இறங்குகிறது. இரண்டாம் நாள், தரை நனையாமல், வடிகால் வாயில் மட்டும் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். கீழே சாயம் தெரிந்தால் வடிகால் குழாயின் இணைப்பு விட்டிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் மூன்றாம் நாள் வடிகாலை அடைத்துத் தரையில் இரண்டு விரற்கடை தண்ணீர் நிறுத்துங்கள். இப்போது கீழே ஈரம் வந்தால் கோளாறு தளத்தில்.

தளத்தில் கோளாறு என்றால் டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சிமென்ட் பூசித் தருகிறேன் என்பார்கள், கேட்காதீர்கள். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்பது பொதுவாக இருக்கும் நம்பிக்கை. உண்மையில் தடுப்பது அதற்கு அடியில் இருக்க வேண்டிய வாட்டர்ப்ரூஃப் பூச்சு. பழைய டைல்ஸை உடைத்தெடுத்து, தரையைச் சுத்தம் செய்து, வடிகாலை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி கண்ணளவில் 'வாட்டம் வந்துடுச்சு' என்பார். ரசமட்டம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஒரு சாண் ஏற வேண்டும், குளிக்கும் பக்கம் ஆள் உயரத்துக்கு. குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தைச் சுற்றி இன்னொரு கை கூடுதலாக. நான் பார்த்த கசிவுகளில் பாதி அந்த விளிம்பில்தான்.

பூச்சு காய்ந்தபின், டைல்ஸ் ஒட்டும் முன்னால், வடிகாலை அடைத்து மறுபடி தண்ணீர் நிறுத்துங்கள். நீர்மட்டத்தில் சுவரில் ஒரு கோடு. குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. கீழே போய் சீலிங்கைக் கையால் தடவிப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு நாள் கூலிதான். கான்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்தில் 'தண்ணீர் நிறுத்திப் பார்த்தபின்தான் இந்தப் பகுதிக்கான பணம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி இருந்தால் அவரே ரசமட்டம் வைப்பார்.

சீலிங்கையும் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. பொள்ளலாகக் கேட்டாலோ கறையோடு நீளவாக்கில் விரிசல் ஓடினாலோ உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துகொண்டு வரும். அங்கே மேஸ்திரி போதாது, ஒரு கட்டுமானப் பொறியாளருக்குப் பணம் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். விலை பேசும் மேஜையில் அந்த அறிக்கைதான் உங்கள் கையில் இருக்கும் சீட்டு.

கறையைத் தீர்த்தபின் மின்சாரம். நாற்பது வருடத்துக்கு முன் போட்ட ஒயர் இரண்டு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் போட்டது. இன்று வருபவர் ஹீட்டரும் ஏசியும் வாஷிங் மெஷினும் கொண்டுவருவார். எர்த் சரியாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு போர்ஷனுக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவில் தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போடுங்கள். இதில் விலை பேசவே பேசாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது. பிறகு பூச்சு. புதுச் சிமென்ட் பூச்சுமேல் நான்கு வாரமாவது போகாமல் பெயின்ட் அடித்தால் உப்பிக்கொண்டு உரியும். கடைசியில்தான் நீங்கள் முதலில் எழுதியிருந்த டைல்ஸும் சமையலறையும் வரும். அதிலும் விலையுயர்ந்த கல் வேண்டாம். வீடு பார்க்க வருபவர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்ப்பார்கள், ப்ளக் பாயின்ட்டை எண்ணுவார்கள், குளியலறையில் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள். மூன்று போர்ஷனுக்கும் ஒரே கம்பெனிக் குழாய், ஒரே பூட்டு, ஒரே பெயின்ட் நிறம் போடுங்கள். பெயின்ட்டின் நிற எண்ணை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு சுவரை மட்டும் தொட்டுப் பூச வேண்டி வரும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். பில்களில் ரிப்பேரைத் தனியாகவும் புதிதாகச் சேர்த்ததைத் தனியாகவும் வையுங்கள். பல நாடுகளில் வருமான வரிக் கணக்கில் இரண்டும் வேறு வேறு, உங்கள் ஆடிட்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

பழைய குடித்தனக்காரர் விஷயத்தில் உங்கள் வீட்டாரோடு நான் ஒத்துப்போகவில்லை. சந்தை வாடகை 100, அவர்கள் தருவது 80. அவர்கள் போனபின் இரண்டு மாதம் காலி என்றால் 160 போகும். தரகருக்கு ஒரு மாத வாடகை 100. பெயின்டுக்கும் சில்லறை வேலைக்கும் 40. ஆக 300 செலவழித்து, மாதம் 20 கூடுதலாக வாங்கப் போகிறீர்கள். போட்டதை எடுக்கவே பதினைந்து மாதம், அதுவும் புதிதாக வருபவர் அதற்குள் கிளம்பாமல் இருந்தால். பதினோரு வருடத்தில் அந்தப் போர்ஷன் ஒரு மாதம்கூடக் காலியாக இருந்ததில்லை. அது மட்டுமல்ல, ரிப்பேர் நடக்கும் மூன்று நான்கு மாதமும் கட்டடத்திலிருந்து உங்களுக்கு வரப்போகும் ஒரே வாடகை அவர்களுடையதுதான். காலியாக உள்ள இரண்டையும் முதலில் முடியுங்கள். குறிப்பிட்ட தேதியில் வருடத்துக்கு ஒருமுறை சிறிய உயர்வு என்று பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்களோடு கட்டடம் கைமாறும்போது வாடகை ஒப்பந்தம் என்ன ஆகும், எவ்வளவு முன்னறிவிப்பு தர வேண்டும், எவ்வளவு உயர்த்தலாம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் சட்டத்தில் மாறும். வழக்கறிஞரிடம் கேட்காமல் அவர்களிடம் ஒரு வார்த்தையும் விட்டுவிடாதீர்கள்.

கிரயத்துக்கு முன் அவர்களிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எப்போதிலிருந்து இருக்கிறார்கள், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார்கள், வீட்டுக்காரரோடு வேறு ஏதாவது பேச்சு உண்டா. அவர்கள் கையெழுத்தும் விற்பவர் கையெழுத்தும் வேண்டும். அந்த அட்வான்ஸ் இப்போது விற்பவர் கையில் இருக்கிறது. விலையில் அதைக் கழித்துக்கொள்ளாமல் கிரயம் செய்தால், அவர்கள் காலி செய்யும் நாளில் வாங்காத பணத்தை நீங்கள் கொடுப்பீர்கள். படித்தவர்களே இதில் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற இரண்டு போர்ஷனுக்கும் வாடகை வைக்கும்போது இன்னொரு சின்னக் கணக்கு. நல்ல ஆள் ஒருவர் ஐந்து சதவீதம் குறைத்துக் கேட்கிறார், நீங்கள் மறுக்கிறீர்கள். அதற்குமேல் 18 நாள் காலியாகக் கிடந்தாலே அந்த வருடத்துக்கு அவர் கேட்ட தள்ளுபடியை நீங்கள் இழந்துவிட்டீர்கள். ஆளைப் பற்றி விசாரிக்கும்போது இப்போதைய வீட்டுக்காரரைவிட அதற்கு முந்தைய வீட்டுக்காரரைக் கேளுங்கள். இப்போதையவர் அனுப்பிவிட்டால் போதும் என்று நற்சான்று கொடுக்கக்கூடும். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, மீட்டர் எண்களையும் சேர்த்து எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகை தாமதமானால் மூன்றாம் நாளே கேட்டுவிடுங்கள். முப்பதாம் நாள் கேட்டால் அவரிடம் இரண்டு மாத வாடகை சேர்ந்து பாக்கி நிற்கும், கொடுப்பது அவருக்கும் கஷ்டம்.

தம்பி பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் சும்மா வேண்டாம். வசூலில் இத்தனை சதவீதம் என்று பேசிக் கொடுத்துவிடுங்கள். சம்பளம் இல்லாத வேலையில் குழாய் ஒழுகுகிறது என்ற போன் ஞாயிறு ராத்திரி வந்தால் திங்கள் சாயங்காலம்தான் யாராவது போவார்கள். குடித்தனக்காரர் கிளம்பும் யோசனை பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான் தொடங்குகிறது. 'அக்கா, நான் பார்த்துக்கிறேன்' என்ற தம்பியிடம் கணக்கு கேட்பதும் உங்களுக்குச் சங்கடம். கூலி கொடுத்தால் அது எளிது.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். இப்போதைய விலைக்கும் 85 தவணைக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். பொறியாளர் அறிக்கையின்படி ரிப்பேர் செலவையும், அந்த வேலை நடக்கும் மாதங்களில் இரண்டு போர்ஷனும் காலியாக இருப்பதையும், பழையவர்களின் அட்வான்ஸையும் விலையில் கழித்துக் கேளுங்கள். தவணை 60-க்குள் வந்து, ஆறு மாதத் தவணை கையில் மிச்சமிருந்தால், வரவு குறையும் மாதங்களில் சம்பளத்திலிருந்து கொஞ்சம் போட்டுச் சமாளிக்கலாம். நானே வாங்கச் சொல்வேன். விற்பவர் இறங்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். அந்தக் கறை இருக்கும்வரை அடுத்து வருபவரும் இதே கேள்வியைத்தான் அவரிடம் கேட்பார்.

இந்த வாரம் பென்சில் கோடு போட்டுவிடுங்கள். பத்தாம் நாள் எடுத்த படத்தையும், ராத்திரியும் காலையும் மீட்டரில் இருந்த எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். குழாயா, வடிகாலா, தளமா என்று பார்த்து, எதை உடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.